பயத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே

ரப்பருக்கு அன்று அவள் முகமே ஒத்துழைக்கவில்லை.

ரப்பர் என்பது ஸ்டுடியோவில் அவளுக்கு வைத்த பெயர். கார்ட்டூன் படங்களுக்கு வரைகிற வேலை. காகிதத்தில் வரைந்த காலத்தில் சேர்ந்தவள். ஒரு கோடு போட்டால் இரண்டு கோடு அழிப்பாள். சாயங்காலம் எழுந்தால் மடியிலிருந்து ரப்பர் தூள் கொட்டும். காகிதம் போய்க் கணினித் திரை வந்து, அழிப்பதற்கு ஒரு பொத்தான் என்றான பிறகும் அந்தப் பெயரை மட்டும் யாராலும் அழிக்க முடியவில்லை. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நேற்று வேலைக்கு வந்தவர்கள்கூட “ரப்பர் அக்கா” என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் செய்தது நடுப்படம் வரைகிற வேலை. ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள் என்றால், திரும்புவதற்கு முன் ஒரு படம், திரும்பி முடித்த பின் ஒரு படம், இரண்டையும் கடல் தாண்டியிருந்த பெரிய கம்பெனியில் பெரிய கலைஞர்கள் வரைந்து அனுப்பிவிடுவார்கள். கழுத்து திரும்புவது, கூந்தல் அதன் பின்னாலேயே வருவது, இமை ஒரு முறை விழுந்து எழுவது எல்லாம் இவள் பாடு. கதை அவர்களுடையது. அது அசைவது மட்டும் இவளால். படம் முடிந்து இவள் பெயர் ஓடுகிறபோது தியேட்டரில் பெருக்குகிறவர்கள்தான் இருப்பார்கள், அவர்களும் குனிந்திருப்பார்கள்.

ஸ்டுடியோவில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. வரைகிறவர்கள் தங்கள் முகத்தையே கோணிப் பார்த்துத்தான் வரைவார்கள். இருபது பேர் இருபது கண்ணாடிகளைப் பார்த்துத் தனித்தனியாக அழுதும் இளித்தும் கொண்டிருப்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பயந்தே போவார்கள். ரப்பருக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் உதடு தானாகக் கோணும். எதிர் சீட்டில் இருப்பவர்கள் இடம் மாறி உட்காருவார்கள்.

அப்போது வேலை நடந்துகொண்டிருந்த படம் ஒரு தேவதைக் கதை. ஒரு ராஜாவுக்குச் சாபம். கோபம் வந்து அவன் கத்தினால் பக்கத்தில் இருப்பதெல்லாம் விரிசல் விடும். பொறுமையான ஒரு பெண் அவனை முழு மனதோடு நேசித்தால் சாபம் தீரும் என்று எவனோ ஒரு முனிவன் சொல்லிவைக்கிறான். ஊரே கூடி ஒரு குயவன் மகளைப் பிடித்து அரண்மனைக்கு அனுப்புகிறது. உடைந்ததை ஒட்டத் தெரிந்தவளாம். அவளும் ஒட்டுகிறாள். அவன் உடைக்க, அவள் ஒட்ட, கடைசியில் சாபம் தீர்ந்து பூ மழை பொழிகிறது.

ரப்பருக்கு வந்தது நடுவில் ஒரு காட்சி. ராஜா கத்துகிறான், அவள் கையிலிருந்த ஜாடி சிதறுகிறது. கம்பெனி அனுப்பிய முதல் படத்தில் அவள் தோள் ஒடுங்கி, கண்ணை இறுக மூடி நிற்கிறாள். அடுத்த படத்தில் சிரித்துக்கொண்டு அவன் கன்னத்தைத் தடவுகிறாள். இடையில் ஒரு மூச்சு விடும் நேரம். அந்த நேரத்தை ரப்பர் நிரப்ப வேண்டும்.

கண்ணாடி முன் தோளை ஒடுக்கினாள். கண்ணை மூடினாள். சிரிக்கப் பார்த்தாள். முகம் நகரவில்லை. பல்வலிக்காரி மாதிரி ஒரு இளிப்புதான் வந்தது.

சூப்பர்வைசர் வந்து நின்றார். கண்ணாடியைத் தலை சீவுவதற்கு மட்டும் பயன்படுத்துகிற ஒரே ஆள் அங்கே அவர்தான்.

“இன்னும் முடியலையா?”

“சார், இவ ஏன் சிரிக்கிறா?”

“அடுத்த படத்துல சிரிக்கிறா இல்ல, அதனால.”

“அது சரி சார். இங்கேருந்து அங்க எப்படிப் போனா?”

“அதுக்குத்தானேம்மா உனக்குச் சம்பளம்.”

பக்கத்து மேசைக்காரன் களுக்கென்று சிரித்தான். பின்னணியில் வருகிற வானம், மரம், சுவர் எல்லாம் அவன் கை. வேலைக்கு வந்த நாளிலிருந்து மேகம் வரைந்தே மேகம் என்று பெயர் வாங்கியவன். “அக்கா, பேசாம நடுவுல ஒரு மேகத்தை விட்டு மறைச்சிடலாமா?” என்றான்.

அன்று ரப்பருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டிலும் இதே கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

தங்கச்சி கல்யாணமாகிப் போய் மூன்று வருஷம். போன மாதம் ஒற்றைப் பையோடு வாசலில் வந்து நின்றாள். சின்னச் சண்டை என்றாள். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை வங்கியில் வேலை பார்ப்பவர். வரிசையில் நிற்கும் கிழவர்களுக்கு எழுந்து வந்து பேனா கொடுக்கும் அளவுக்கு நல்லவர் என்று ஊரில் பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவை அழைத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப் போகப்போகிறார் என்று தகவல் வந்திருந்தது. அப்பா தன் அண்ணன் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசியதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது பேச்சுவார்த்தைக்கான நாள் இல்லை, பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நாள்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“அவருக்குக் கொஞ்ச நாளா நேரம் சரியில்ல. அதான் கோபம் வருது. இவதான் பொறுத்துப் போகணும்,” என்றாள் அம்மா. கூடவே ஒரு குறையும் சொன்னாள். “இவளும் முன்ன மாதிரி இல்ல. இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா காதுலயே வாங்கமாட்டேங்கறா.”

அன்று சாயங்காலம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். தங்கச்சி அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ரப்பர் போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். சின்ன வயதிலிருந்தே வீட்டிலுள்ளவர்களை நிற்க வைத்து, குதிக்க வைத்து, அழ வைத்துப் பார்த்து வரைகிறவள் அவள். தங்கச்சிக்கு அது பழகிப்போன தொல்லை.

“ஏய், எனக்கு ஒரு முகம் வேணும்டி. பயந்து நிக்கற. அப்புறம் சிரிக்கணும்.”

“சும்மா சிரிக்கணுமா, ஆசையா சிரிக்கணுமா?”

“ஆசையா.”

தங்கச்சி கரண்டியைக் கீழே வைத்தாள். செய்து காட்டினாள். மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கண்ணாடி முன் ஒரு பகல் முழுக்க ரப்பர் தடுமாறியதை, பால் பொங்குவதற்குள் முடித்துவிட்டாள்.

“எப்படிடி இவ்வளவு சுலபமா வருது உனக்கு?”

“எனக்குத் தெரியல,” என்றாள் தங்கச்சி. “பால் பொங்குது.”

மறுநாள் மேசையில் உட்கார்ந்து அந்த வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள் ரப்பர். ஓடும்போது தெரியாதது நிறுத்தினால் தெரியும். பல வருஷமாக அவள் சோறு தின்றது அதில்தான். தோள் ஒடுங்குகிறது. கண் மூடுகிறது. பிறகு கண் திறக்கிறது. திறந்ததும் எதிரே இருப்பவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்க்கிறது. இடது கை மேலே போய் காதைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் உதடு விரிகிறது. உதடு விரிந்து முடித்த பின்னும் கண் அந்த ஜன்னலை விட்டு வரக் கொஞ்சம் தாமதிக்கிறது.

இது நடிப்பில்லை. நடிக்கிறவர்கள் முகத்தால் செய்வார்கள். இவள் உடம்பு மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்திருக்கிறது.

கை காதுக்கு ஏன் போக வேண்டும்?

அம்மா சொன்ன குறை அப்போதுதான் ரப்பருக்கு உறைத்தது. நேரம் சரியில்லையாம். நேரத்துக்குக் கை கிடையாது. அடிக்கிற நேரம் என்று ஒன்று வானத்திலிருந்து இறங்கி வந்து யார் தோளிலும் உட்காருவதில்லை. ஒரு மனிதன் தன் கையைத் தானே ஓங்கித் தானே இறக்குகிறான். அதற்குக் கதையில் சாபம் என்று பேர், வீட்டில் நேரம் என்று பேர். இந்த இரண்டு பெயர்களையும் வைத்தவர்கள் அடி வாங்காதவர்கள்.

டேப்லெட் பேனாவைப் பிடித்தாள். ஜன்னல், காது, தொண்டை, உதடு, ஒன்றையும் விடாமல் வரைந்தாள். நடுப்படம் வரைகிறவர்கள் இரண்டு படத்துக்கும் நடுவே குறுக்கு வழியில் போக வேண்டும் என்பதுதான் தொழிலின் முதல் பாடம். அன்று அவள் அந்தப் பாடத்தை மதிக்கவில்லை. ஒரு கோட்டைக்கூட அழிக்கவும் இல்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் காட்சியை ஓட்டிப் பார்த்தார். மேகமும் எட்டிப் பார்த்தான். ராஜா கத்தினான், ஜாடி சிதறியது, குயவன் மகள் ஜன்னலைப் பார்த்தாள், காதைத் தொட்டாள், விழுங்கினாள், சிரித்தாள், அவன் கன்னத்தைத் தடவினாள். மேகம் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

“என்னம்மா இது?” என்றார் சூப்பர்வைசர்.

“நீங்க கேட்டதுதான் சார். பயத்துலேருந்து சிரிப்புக்கு.”

“அடி வாங்கினவ மாதிரி இருக்கா.”

“ஆமா சார்.”

“குழந்தைங்க பாக்கற படம். பயந்துடும்.”

“அவன் கத்தறதுக்குப் பயப்படாத குழந்தைங்க இவ முகத்தைப் பாத்துத்தான் பயப்படுமா?”

“அவன் சாபத்துல கத்தறான்.”

“சார், விருந்து காட்சியும் நான்தான் வரைஞ்சேன். பக்கத்து நாட்டு ராஜா இவனை முகத்துக்கு நேரா கேலி பண்றான். இவன் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். மேசைல அத்தனை கண்ணாடிக் கோப்பை, ஒண்ணு உடைஞ்சுதா?”

சூப்பர்வைசருக்குப் பதில் இருந்ததா என்பது வேறு விஷயம், அதிகாரம் இருந்தது. காட்சியை வேறொருவருக்கு மாற்றினார். “நாளையிலேருந்து நீ மேகத்துகூட உக்காந்து இலை போடு. இலைக்குச் சிரிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம்.”

அன்று வீட்டுக்கு வந்ததும் ரப்பர் அறைக் கதவைச் சாத்தினாள். தங்கச்சி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனில் அந்த வீடியோவை நிறுத்தி, கை காதைத் தொடுகிற இடத்தைக் காட்டினாள் ரப்பர்.

தங்கச்சி போனை வாங்கித் தன் முகத்தையே பார்த்தாள்.

“முதல்ல ஜன்னலைச் சாத்துவாருக்கா,” என்றாள். “சாத்திட்டுத்தான் ஆரம்பிப்பாரு. வெளியில கேக்கக் கூடாதுல்ல. ஜன்னல் தொறந்திருந்தா அன்னிக்கு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்.”

“காது?”

“இந்தப் பக்கம் மந்தமா இருக்கு. உள்ள ஓயாம ஒரு சத்தம்.”

“எங்கிட்ட ஏண்டி சொல்லல?”

“உங்கிட்ட சொன்னா நீ அப்பாகிட்ட சொல்லுவ. அப்பா நம்பலைன்னா நான் எங்கக்கா போவேன்? சொல்லாத வரைக்கும், சொன்னா நம்புவாருன்னு நினைச்சுக்கிட்டாவது இருக்கலாம். சொல்லிடாதக்கா.”

ரப்பர் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினாள். தலையாட்டிய கோபத்தில் ஒரு துண்டை எடுத்து அது இஸ்திரி போட்டது போல ஆகும்வரை மடித்தாள். பிறகு அன்று ஸ்டுடியோவில் நடந்ததைச் சொன்னாள். டேப்லெட்டில் தான் வரைந்ததை ஓட்டிக் காட்டினாள். தங்கச்சி இரண்டு தடவை பார்த்தாள்.

“இவ கடைசில என்ன ஆவா?”

“என்ன ஆவா, அவன்கூடவே இருப்பா. சாபம் தீந்துடும். பூ மழை.”

“கேவலமா இருக்கு,” என்றாள் தங்கச்சி. “நானா இருந்தா வேற மாதிரி எடுப்பேன்.”

“எடு பாக்கலாம்.”

“ஜாடி உடையுதா? இவ ஒட்டக் குனியறா இல்ல, அங்க நிறுத்து. ஒட்ட வேண்டாம். துண்டைத் தாண்டிக்கிட்டு நேரா வாசலுக்குப் போறா.”

“காவல்காரன் விடுவானா?”

“அவன் காது என்னிக்கோ போயிருக்கும், அந்த வீட்டுல நின்னு நின்னு. வழி விடுவான்.”

ரப்பர் சிரித்துவிட்டாள். டேப்லெட்டில் காதில் பஞ்சு வைத்த ஒரு காவல்காரனைக் கிறுக்கினாள். “சரி, இவ போயிட்டா. ராஜா?”

“கத்துவான். ஆள் இல்லாததால இன்னும் கத்துவான். தூண்ல விரிசல். சுவத்துல விரிசல். ஒட்டறதுக்கு ஆள் ஏது? கூரை விழும்.”

“அவன் தலையிலயா?”

“விழுந்தா விழட்டும். அவன் வீட்டுக் கூரைதானே.”

“அப்ப சாபம்?”

“என்ன பெரிய சாபம். மேனேஜர் திட்டினா வராது, பஸ்ல எவனாவது காலை மிதிச்சா வராது, ஜன்னலைச் சாத்தினாத்தான் வரும். ஆள் பாத்து, இடம் பாத்து வருது. அதுக்குப் பேரு சாபமா?”

கதவு எப்போது திறந்ததென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்பா நின்றுகொண்டிருந்தார், மூக்குக் கண்ணாடி தேடி வந்தவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்த்தே காலம் தள்ளியவர் என்பதால் இன்றும் எதையும் நேராகப் பார்க்கமாட்டார், ஓரக்கண்தான். டேப்லெட்டில் குயவன் மகள் மறுபடி மறுபடி ஒடுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பொண்ணு ஏன் சிரிக்கறதுக்கு முன்னாடி ஜன்னலைப் பாக்குது?” என்று கேட்டார்.

தங்கச்சி மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

“டிக்கெட் எடுக்காதவன் செக்கரைப் பாத்த மாதிரி முழிக்குது,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாப்பிள்ளை பழக்கூடையோடு வந்தார். பெரியப்பா கூடத்தின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வழக்கை முடித்துவிட்டு அடுத்த வழக்குக்குப் போகிறவர் தோரணையில் ஆரம்பித்தார்.

“சின்னஞ்சிறுசுங்க, சண்டை வரத்தான் செய்யும். மாப்பிள்ளையே இறங்கி வந்திருக்காரு. இனி என்ன? பையை எடுத்துட்டு வரச் சொல்லு.”

“அவ போகலை பெரியப்பா,” என்றாள் ரப்பர்.

“உன்னை யாரு கேட்டா? புருஷன் பொண்டாட்டி நடுவுல உனக்கு என்ன வேலை?”

“நடுவுல இருக்கறதைப் பாக்கறதுதான் என் வேலை.”

“ஒரு கல்யாணம் பண்ணிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பொம்மை போடறவளுக்கு வாழ்க்கையைப் பத்தி என்ன தெரியும்?”

மாப்பிள்ளை இதமாகச் சிரித்தார். “விடுங்க பெரியப்பா. அக்கா நல்லதுக்குத்தான் சொல்றாங்க. எப்பவும் கார்ட்டூன் பாத்துக்கிட்டே இருக்காங்க இல்ல, எல்லாரும் அவங்களுக்கு வில்லனாத்தான் தெரிவாங்க.”

பெரியப்பா குலுங்கிச் சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். ரப்பரின் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. தலையாட்டிக் கொடுத்த வாக்கு அதை இழுத்துப் பிடித்தது.

தங்கச்சி டீ கொண்டுவந்தாள். அவள் மந்தக் காதுப் பக்கமாக நின்று பெரியப்பா ஏதோ சொன்னார். என்னவென்று கேட்கத் திரும்பியதில் தட்டு சாய்ந்து மாப்பிள்ளையின் சட்டையில் டீ கொட்டியது.

“கண்ணு எங்கடி இருக்கு!”

ஒரே ஒரு வாக்கியம். அடுத்த நொடி மாப்பிள்ளை பழைய இதமான முகத்துக்கு வந்துவிட்டார். “பரவால்ல, பரவால்ல, சட்டைதானே.”

ஆனால் தங்கச்சியின் உடம்பு அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டது. தோள் ஒடுங்கியது. கண் மூடித் திறந்தது. திறந்ததும் தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போனது. கை காதைத் தொட்டு இறங்கியது. விழுங்கினாள். சிரித்தாள்.

ரப்பர் அவளைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். ஓரக்கண்ணால் மட்டுமே உலகத்தைப் பார்த்த அந்த மனிதர் முகத்தை முழுதாகத் திருப்பி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். மறுபடி மகளை.

“சரி சரி, நல்ல சகுனம்தான்,” என்று பெரியப்பா பேச்சை எடுத்தார். “நீ போய்க் கிளம்பும்மா.”

“இருங்கண்ணே,” என்றார் அப்பா.

அண்ணனின் பேச்சை அவர் நடுவில் வெட்டியதை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. டம்ளர்களை எடுக்கக் குனிந்த அம்மா அப்படியே நின்றாள்.

“மாப்பிள்ளை, ஜன்னல் தொறந்துதான் இருக்கு. சொல்ல வந்ததை முழுசாச் சொல்லுங்க.”

“என்ன மாமா? எனக்குப் புரியல.”

“வீட்டுல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே சொல்லுங்க. தெருவுல நாலு பேர் இருக்காங்க. அவங்களும் கேக்கட்டும்.”

மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. புரிந்தது முகத்தில் தெரிந்தது. பயத்தை மறைக்க அவர் பழகியிருக்கவில்லை. அந்த வேலையெல்லாம் வீட்டில் வேறொருவருடையது. பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா எதற்கு என்று தெரியாமலே கோபப்பட்டார்.

“என்னடா பேசற நீ? குடும்ப மானம் என்ன ஆகறது?”

“நான் வரலை,” என்றாள் தங்கச்சி.

மெல்லத்தான் சொன்னாள். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறதென்று அந்தக் காதுக்குச் சரியாகத் தெரியாததால் மறுபடி ஒரு முறை, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “நான் வரலை பெரியப்பா. இவரு என்னை அடிக்கறாரு.”

அதற்கு மேல் பையைப் பற்றி யாரும் பேசவில்லை. டீக் கறையோடு மாப்பிள்ளை படியிறங்கினார். பெரியப்பா பின்னாலேயே போனார், பழக்கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு.

காது டாக்டரிடம் போனார்கள். போலீஸுக்கும் போனார்கள், அங்கிருந்தவரும் மாப்பிள்ளைக்கு வேலையில் ஏதாவது டென்ஷனா என்றுதான் முதலில் கேட்டார். ரப்பர் அவரிடம் பேசிய பேச்சில், வெளியே வந்ததும் அப்பா, “உனக்கு லைசென்ஸ் கொடுத்திருந்தா ரோட்டுல ஒருத்தனும் உயிரோட இருக்க மாட்டான்,” என்றார். வழக்கு நடக்கிறது. எப்போது திரும்பிப் போகிறாய் என்று தங்கச்சியைக் கேட்கிறவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

படமும் முடிந்து வெளியானது. ரப்பர் அதில் இலைகள் வரைந்திருந்தாள். அந்தக் காட்சிக்குப் பின்னணி போட்டது மேகம். கம்பெனி அனுப்பிய மாதிரிப் படத்தில் குயவன் மகளுக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது, சாத்தியபடி. மேகம் அதைத் திறந்து வரைந்தான். வெளியே ரப்பரின் இலைகள் ஆடின. சூப்பர்வைசர் கவனிக்கவில்லை, கம்பெனியும் கவனிக்கவில்லை. மேகத்துக்கு அதில் பெருமை. ரப்பருக்கு இல்லை. ஜன்னல் திறந்திருந்து என்ன, அவள் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறாளே.

டிவியில் அந்தப் படம் வந்த அன்று அப்பாவும் உட்கார்ந்து பார்த்தார். ராஜா கத்தினான். ஜாடி சிதறியது. குயவன் மகளின் முகம் எண்ணெயில் வழுக்கியது போல, எங்கும் தட்டாமல், பயத்திலிருந்து சிரிப்புக்குப் போய்ச் சேர்ந்தது.

“இதை வரைஞ்சது யாரு?”

“வேற ஆளுப்பா.”

“தெரியுது,” என்றார். பூ மழை தொடங்கியது. அவர் எழுந்திருக்கவில்லை. அது ஓயும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, சின்ன மகள் பக்கம் திரும்பி, நல்ல காதுக்குக் கேட்கும்படி கேட்டார்:

“கூரை எப்ப விழும்?”

“இந்தப் படத்துல விழாதுப்பா,” என்றாள் ரப்பர், ரிமோட்டைத் தேடிக்கொண்டே.